கிரீடம் ஏறும் தலை

"யாரு அந்தப் பேரைச் சொன்னது?" என்று அதட்டினாள் இயக்குநர் மிஸஸ் பிரிங்கிள். அவள் காலடியில், மேடைப் படிக்குக் கீழே, கசாப்புக் கடை அலஸ்டர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அன்று அவர்கள் போடவிருந்த சோக நாடகத்தின் பெயரை அரங்கத்துக்குள் உச்சரித்தால் கெட்ட ஆவி உள்ளே புகுந்துவிடும் என்பது ஸ்காட்லாந்தில் நாடகம் போடுகிற எல்லோருக்கும் தெரியும். ராஜாவைக் கொன்று தானே ராஜாவாகிற தளபதியாக நடிப்பவனைத்தான் அது முதலில் பிடிக்குமாம். அலஸ்டருக்கு அந்த வேஷம்தான்.

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். படி வழுக்குது," என்று முனகினான் அலஸ்டர். "சோப்பு வாசனை கூட வருது."

"ஏன், ஆவிக்குச் சோப்பு கிடைக்காதா?" என்றார் பேங்க் மேனேஜர் ஃபார்க்கர். "ஜனங்க வந்து உக்காந்தாச்சு. வசனம் எனக்குத் தலைகீழா தெரியும். கிரீடத்தை இப்படிக் கொடுங்க."

வசனம் எல்லோருக்குமே தெரியும். ஒத்திகையில் அலஸ்டர் மறந்து மறந்து நின்றதில் குழுவே மனப்பாடம் செய்திருந்தது.

மருந்துக் கடை டார்குவிலுக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. அவனுக்கு வாயில்காப்போன் வேஷம். மத்தியானம் ஒப்பனை அறையில், சூனியக்காரியாக நடிக்கிற ஊனா மெழுகுப் பரு ஒட்டிய மூக்கோடு அவன் காதருகே குனிந்து, "பாரேன், இன்னிக்குக் கிரீடம் உன் தலையிலதான் ஏறப் போகுது," என்று சொல்லியிருந்தாள். அப்போது அவன் சிரித்துவிட்டான். இப்போது சிரிப்பு வரவில்லை.

முதல் பாதியில் ஃபார்க்கர் வெளுத்து வாங்கினார். இடைவேளையில் எல்லோரும் சூடாகக் கோழி சூப் குடித்தார்கள்.

மணி அடிக்கும் நேரத்தில் ஃபார்க்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். "என்னால வர முடியாது. ஐயோ, மறுபடியும்..." என்று குரல் வந்தது. கதவுக்கு மேலாகக் கிரீடம் மட்டும் பறந்து வந்து விழுந்தது.

மிஸஸ் பிரிங்கிள் சிலுவை போட்டுக்கொண்டாள். "டார்குவில், நீ போப்பா. வேற வழியில்ல."

தபால்கார லாக்லனுக்கு அரண்மனை வேலைக்காரன் வேஷம். அவன்தான் ஓடி வந்து உதவினான். "நில்லு, நில்லு. கில்ட் பாவாடையோட பெல்ட்டை நான் மாட்டி விடறேன்." பின்னால் மண்டியிட்டு நெடுநேரம் எதையோ சரிசெய்தான். "ம், போ. தூள் கிளப்பு."

டார்குவில் மேடையின் ஓரத்துக்கு வந்து நின்றான். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற ஊனாவின் கையைப் பிடித்தான்.

"ஊனா, உன் வாக்கு பலிச்சிடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஃபார்க்கர் சூப்புல பேதி மருந்து கலந்தது நான்தான்."

ஊனாவின் மூக்கிலிருந்து பரு கழன்று விழுந்தது. "அடப்பாவி, ஏன்யா?"

"கிரீடம் எனக்குன்னு நீதானே சொன்னே? அலஸ்டரை உன் சக்தி தள்ளிவிட்டுது. மிச்சத்தை மட்டும்தான் நான் பாத்துக்கிட்டேன். அடுத்து எனக்கு என்ன ஆகும்? அதையும் சொல்லிடு."

"எனக்கு ஏதுய்யா சக்தி? ஆம்பளைங்க எல்லாம் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தீங்க. கொஞ்சம் தைரியம் வரட்டும்னு ஏதோ சொல்லி வச்சேன்."

"எல்லாம்னா?"

எக்காளம் முழங்கியது. திரை விலகி, வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. டார்குவில் மார்பை நிமிர்த்தி மேடை நடுவுக்கு நடந்தான். ஊரே கை தட்டியது.

வாளை உயர்த்தியபோது இடுப்பில் ஏதோ லேசாக நழுவுவதுபோல் இருந்தது. ஓரத்திலிருந்து ஊனா கிசுகிசுத்தாள்.

"ஃபார்க்கர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். சித்த முன்னாடி லாக்லன்கிட்டயும் சொன்னேன்."