ராணிக்கு ஒரு அப்புக்காத்து

"அந்த மனுசிக்கு ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசுறியள், வல்லிபுரம் அண்ணை? கோட்டிலை அவவுக்காக வாதாட வந்த அப்புக்காத்தோ நீங்கள்?"

யசோதினி சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் உள்ளுக்குள் எரிச்சல். விடிந்தால் வல்லிபுரத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகம். போன முறை வரலாற்றுக் கேள்வியில் கோட்டைவிட்டு வந்த மனிதர். இந்த முறையும் தவறினால், வன்னியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயை உயிரோடு பார்க்க முடியாது. அகதி அட்டையை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாதே!

அந்தத் தாய்க்காகத்தான் ஆறு ஞாயிறாக, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், ஒரு தேத்தண்ணிக் கடையின் மூலை மேசையில் சல்லிக்காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். தன் அண்ணன் இருந்திருந்தால் இவர் வயதுதான் என்பதும் ஒரு காரணம்.

"சரி, முதலிலை இருந்து வாங்கோ. கத்தரீன் து மெடிசி ஆர்?"

"கத்தோலிக்க ராணி. புருசன் செத்தாப் பிறகு மூண்டு பெடியளை ராசாவாக்கிப் பாத்தவ."

"1572இலை என்ன நடந்தது?"

"மகளின்ரை கலியாணத்துக்கு வந்த புரட்டஸ்தாந்துச் சனத்தை இஞ்சை பாரிசிலை வெட்டிச் சாய்ச்சவங்கள். கட்டளை குடுத்தது ராசா. ராணிதான் தூண்டிவிட்டவ எண்டு கனபேர் சொல்லுகினம். இல்லை எண்டும் சொல்லுகினம்."

"அவ்வளவுதான். அதோடை நிப்பாட்டுங்கோ."

"இல்லைத் தங்கச்சி, அவவும் பயத்திலைதான் சொல்லியிருப்பா. சொல்லாட்டி அவவின்ரை பிள்ளையளை முடிச்சிருப்பாங்கள்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ! செத்ததுகளை ஆத்திலை தூக்கி எறிஞ்சவங்கள். அவ சென் தெனிக் கோயிலிலை, ராசாக்களின்ரை கல்லறையளுக்கை, சலவைக்கல்லிலை சொகுசாப் படுத்திருக்கிறா."

"அவவும் அதுக்குப் பிறகு ஒரு நாளும் நிம்மதியா நித்திரை கொண்டிருக்க மாட்டா."

யசோதினி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பயந்தவையின்ரை கதையை எனக்குச் சொல்லாதேங்கோ, அண்ணை! தொண்ணூத்தாறிலை ஆமி எங்கடை ஊரைச் சுத்தி வளைச்சு, ஆம்பிளையளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்திலை வரிசையா விட்டவங்கள். முகத்தைச் சாக்காலை மூடின தலையாட்டி ஒருத்தன் ஜீப்புக்குப் பக்கத்திலை இருந்தவன். அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டினானோ, அவையை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். எங்கடை அண்ணையும் போனவர். முப்பது வருசம். ஒரு எலும்புத் துண்டு கூடக் கிடைக்கேல்லை. அவனும் பயத்திலைதானே ஆட்டியிருப்பான்? அதுக்கு நான் அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடவோ?"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கிவிட்டது. பாவம், நாளைக்குப் பரீட்சை உள்ள மனிதரிடம் போய் இப்படிக் கொட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

வல்லிபுரம் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அண்ணையின்ரை செருப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு வேலியடியிலை நிண்டு அழுத சின்னப் பிள்ளை... அது நீங்களோ, தங்கச்சி?" என்றார். "சாக்கிலை கண்ணுக்கு வெட்டின ஓட்டையாலை பாத்தனான்."