நாற்பத்தொரு பேரும் ஒரு மாடும்

"நாற்பத்தொரு பேர்" என்றார் ஸ்டோர்கீப்பர், அப்போதுதான் வந்து சாப்பாட்டுக் கூடையை இறக்கி வைத்த மனைவியிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து எண்ணியிருந்தார். அவர் வாங்கிய நிலத்தின் குறுக்கே, அவர் கட்டும் வீட்டின் அடுப்படி ஜன்னலை உரசிக்கொண்டு, அத்தனை பேர் நடந்து போயிருந்தார்கள்.

மனைவி தரையில் கிடந்த சாணியைப் பார்த்தாள்.

"மாட்டையும் சேர்த்தா?"

"மாடு தனி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

தொழிற்சாலைக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம். ஒரு திருகாணிகூட அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போனதில்லை. ஓய்வு பெற இன்னும் எழுபத்திரண்டு நாள். அன்றைக்கே கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். இந்த இரண்டு அறை வீட்டை விட்டால் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. சுவர் எழும்பிவிட்டது, தளம்தான் பாக்கி.

"ஆள் நடமாட்டம் இருக்கிறது நல்லதுதானேங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு நாம விழுந்து கிடந்தா நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க."

"எட்டிப் பார்க்கிறவங்க வாசல் வழியா வந்து பார்க்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலி போட்டார். இருபத்திரண்டு கல்தூண்கள், நான்கு வரிசை முள்கம்பி. 'தனியார் நிலம். குறுக்கே நடக்கக் கூடாது' என்று அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, தானே எழுதிய பலகையையும் மாட்டினார்.

அதற்கடுத்த வாரம் வந்து பார்த்தால், எட்டாவது தூணுக்கும் ஒன்பதாவது தூணுக்கும் நடுவே நான்கு கம்பியும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய முனைகளை மடக்கி, யார் சேலையும் சிக்காதபடி சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

அந்த நேர்த்திதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது.

கொத்தனாரைக் கேட்டார். தெரியாது என்றார் கொத்தனார், கலவையைப் பார்த்துக்கொண்டே. மூன்றாம் தடவை கேட்டபோதுதான், பக்கத்து வயல்காரர் என்று வாயைத் திறந்தார். கோபமாகப் பேசிவிடாதீர்கள், நல்ல மனுஷன் என்றும் சொன்னார்.

"நல்ல மனுஷன் அடுத்தவன் கம்பியில கை வைப்பானா?"

பத்திரத்தையும் நில வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டோர்கீப்பர் நடந்தார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

வயல்காரர் வாய்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டோர்கீப்பரைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஸ்டோர்கீப்பர் வரைபடத்தை விரித்து நான்கு எல்லையையும் விரலால் தொட்டுத் தொட்டு அங்குலக் கணக்கில் சொன்னார். வயல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நான்தாங்க வெட்டினேன்."

பிறகு தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னார். ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் வேன் மெயின் ரோட்டோடு போய்விடும். வேலி போட்ட பிறகு ஏரிக்கரையைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. போன வாரம் மட்டும் ஆறு பேர் வேனை விட்டுவிட்டார்கள்.

"அது உங்க ஊர்ப் பாடு" என்றார் ஸ்டோர்கீப்பர். "என் இடத்துல காலை வைக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாங்களா? முப்பத்து நாலு வருஷத்துல அடுத்தவங்க ஆணி ஒண்ணைத் தொட்டவன் இல்லை நான். கேட்காம அடுத்தவன் மண்ணை மிதிக்கிறதுக்கு என்ன பேருன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"போதும், வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"கேட்கணும்னு உங்களுக்கெல்லாம் ஏன் தோணவே மாட்டேங்குது?"

வயல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புதான், இனி யாரும் வராமல் பார்த்துக்கொள்கிறேன், கம்பியை நானே கட்டித் தருகிறேன் என்றார்.

சொன்னபடி சாயங்காலமே குறடோடு வந்தார். நான்கு கம்பியையும் இழுத்து முறுக்கி இணைத்தார். ஸ்டோர்கீப்பர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, மூன்றாவது தொய்வாக இருக்கிறது என்றார். வயல்காரர் அதை அவிழ்த்து மறுபடியும் முறுக்கினார். மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர், இரண்டடி போய்த் திரும்பி நின்றார்.

"தளம் எப்ப சார் போடுறீங்க?"

"ஏன், அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"அதெல்லாம் இல்லைங்க." கூச்சத்தோடு மெயின் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ரோட்டுல இருந்து இது வரைக்கும் உங்க லாரி வந்து போற தடம் என் வயலுங்க. வீடு கட்டுறவங்களுக்கு வண்டி வரணுமேன்னு ரெண்டு போகமா உழாம விட்டிருக்கேன். கடைசி லோடு இறங்கினதும் சொல்லி அனுப்புங்க, அவசரமில்லை."