பிழை பிறந்த மாதம்

மருமகள் மகிழினி காலடி வைத்த நேரம்தான் மகன் தர்ஷனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது என்று மாமியார் சுகன்யா சொல்லாத ஆளே தாம்பரத்தில் இல்லை. காக்காய்க்கும் கொசுவுக்கும்கூடச் சொல்லியாயிற்று. ஆறு வருடமாய் அதைக் கேட்டுக் கேட்டு மகிழினிக்குக் காது காய்த்துப்போயிருந்தது.

அதனால்தான், ரத்தத்தில் மரபணு முதன்முதலாகப் பிசகிய மாதத்தையே சொல்லிவிடும் சோதனை வந்ததும், கணவனைத் தோளில் தூக்காத குறையாக அழைத்துப்போனாள். முடிவு வந்ததும் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி படித்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க அத்தை! நான் வந்த பிறகு இல்ல. இவர் உங்க வயித்துல ஏழு மாசமா இருந்தப்பவே மரபணு மாறிடுச்சாம்.”

சுகன்யா ஆடிப்போனாள். மின்விசிறியே ஒரு சுற்று நின்று ஓடியது. பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

“ஏழு மாசமா? நீ இவனைவிட ரெண்டு மாசம் மூத்தவதானடி?”

“அதுக்கென்ன இப்போ?”

“அப்போ அந்த மாசம்தான் நீ பொறந்திருக்க!”

மகிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடச் சிரிக்க ஆள் தேடிக் கட்டிலைப் பார்த்தாள்.

தர்ஷன் விரல் மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.