டெர்சியாவின் மவுசர்

"கன்னத்த இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக்கோ, செல்லம். ஆங்... அப்படியே இரு. அசையாத."

பட்டறைக் கதவுக்கு வெளியே காபித் தட்டோடு நின்ற அலீடாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசியது அவள் புருஷன் ஃபானி. சாய்ந்த கன்னம் பக்கத்துப் பண்ணை டெர்சியாவுடையது. அவளுக்குப் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள்!

முழங்கையால் கதவைத் தள்ளினாள். டெர்சியாவின் தோளில் பழைய மவுசர் துப்பாக்கி. அதன்மேல் தொலைநோக்கியைப் பிடித்தபடி, அவள் கண்ணுக்கும் அதற்கும் நடுவே விரல் வைத்து இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தார் ஃபானி. கிட்டே இருந்தால், சுடும்போது பின்னால் உதைத்துப் புருவத்தைக் கிழித்துவிடும்.

அலீடாவுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன்னால் கரூ பாலைவெளியில் மான் வேட்டைக்குப் போனபோது, இதே விரல்கள் அவள் கண்ணுக்கும் இடைவெளி பார்த்தவைதான். அப்போதும் இதே 'செல்லம்'தான்.

தட்டை ணங்கென்று வைத்தாள். ஃபானி நிமிர்ந்து, "ரொம்ப நன்றிங்கம்மா. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?" என்றார்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வீட்டில் அவளுக்கு வெறும் மரியாதை, கொஞ்சலெல்லாம் பட்டறையில். இதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

"இந்த ஒரு துப்பாக்கிக்கு இன்னுமா வேலை முடியல?"

"எந்த முட்டாளோ தொலைநோக்கி மாட்டக் கண்ட இடத்துல ஓட்டை போட்டுக் கெடுத்து வெச்சிருக்கான். நான் புதுசாப் போட்டுத்தான் மாட்டணும்" என்று துளையிடும் கருவியை எடுத்தார் ஃபானி.

டெர்சியா சட்டென்று துப்பாக்கியைப் போர்வையில் சுருட்டினாள். "இன்னிக்கு வேண்டாம். அப்புறம் வரேன்."

அலீடா விடவில்லை. முற்றத்தில் நின்ற வண்டிவரைக்கும் துரத்திப் போய்க் கதவை மறித்துக்கொண்டாள்.

"நரி ஆட்டுக்குட்டியத் தூக்குதுன்னு ஒரு சாக்கு! தலை நரைச்ச மனுஷன்கிட்ட உனக்கு என்னடி வேலை?"

டெர்சியாவின் கண் கலங்கியது. போர்வையை விலக்கினாள். துப்பாக்கியின் மேல்புறத்தில் இரண்டு வரிசை ஓட்டைகள், ஒன்றை ஒட்டி இன்னொன்று.

"ரெண்டும் அவரு போட்டதுதான் அக்கா. முதல்ல அருமையாத்தான் மாட்டிக் குடுத்தாரு. திருகு தளர்ந்துபோச்சுன்னு மறுபடி எடுத்துட்டு வந்தேன். கழட்டிப் பாத்துட்டு, 'யாரு செஞ்ச வேலை இது?'ன்னு என்னையே கேட்டு, பக்கத்துல வேற ஓட்டை போட்டுட்டாரு. இன்னிக்கு மூணாவதும் போட்டிருந்தா, சுடுறப்போ என் மூஞ்சியிலயே வெடிச்சிருக்கும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் தவிச்சுட்டிருந்தேன்."

அலீடாவின் கை வண்டிக் கதவிலிருந்து நழுவியது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை.

"மறதி யாருக்குத்தான் இல்ல? மறதி வந்தா ஊரான் வீட்டுப் பொம்பளையச் செல்லம்னு கொஞ்சச் சொல்லுதா?"

டெர்சியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு என்னை அலீடான்னுதான் கூப்பிடுறாரு அக்கா."