இடப்பக்கம் சாய்ந்த வண்டி

பல் டாக்டர் ஆசைப்பட்டு வாங்கிய இத்தாலிய பைக் அது. உருண்டை விளக்கும், இருபுறமும் துருத்திய சிலிண்டர்களுமாகப் பார்க்கப் பழைய காலத்து வண்டி போலவே இருக்கும். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் லேசாக வலப்பக்கம் சாயும். அந்த வகை இன்ஜினின் சுபாவம் அது. அந்தச் சாய்வு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்று காலை சிக்னலில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவள் நேராக மெக்கானிக்கிடம் போனாள்.

"இன்ஜின் மாத்திச் சுத்தினாத்தான் அப்படி சாயும் டாக்டர். வாய்ப்பே இல்ல," என்று சிரித்தபடி அவர் ஏறி முறுக்கினார். வலப்பக்கம் சாய்ந்தது. அவள் ஏறி முறுக்கினாள். இடப்பக்கம். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் கணவன் முறுக்கியபோதும் வலப்பக்கம்தான்.

"கோளாறு வண்டில இல்ல, மேடம்கிட்டதான்! ஏறு, பார்ப்போம்," என்று கிண்டலடித்தவன், அவள் பின்னால் உட்கார்ந்து வழக்கம்போல முதுகில் காதைச் சாய்த்துக்கொண்டான். அவள் முறுக்கினாள். இடப்பக்கம்.

"பாத்தியா?" என்றாள்.

அவன் காதை முதுகில் இன்னும் அழுத்தினான்.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

"இன்ஜினை நிறுத்து."

நிறுத்தினாள். அவன் காது அவள் முதுகில் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.

"உனக்கு நெஞ்சு இந்தப் பக்கம் அடிக்குது," என்றான்.

அவள் வலது மார்பில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே அது நிதானமாக, பிறந்ததிலிருந்து இருந்த இடம்போலத் துடித்துக்கொண்டிருந்தது.