காசியம்மாளின் ஒரே சொல்

“மேடம், யானைய அப்புறம் பேசிக்கலாம். உங்க கன்ட்ரில ‘மை’ன்னா இன்னா? மை... வாட் மீனிங்?”

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில், மாக்கல் யானையைக் கையில் பிடித்தபடி எண்ணூறுக்கும் முந்நூறுக்கும் நடுவே நின்றிருந்த வியட்நாம்காரி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “மை? டுமாரோ!”

ராஜேந்திரன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக்கொண்டார்: வியட்நாம் - நாளைக்கு. யானையை அவள் கேட்ட முந்நூறுக்கே கட்டிக் கொடுத்தார்.

பக்கத்தில் சங்கு மாலை விற்கும் பெஞ்சமினுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா அண்ணாத்த, கடை நடத்துறியா, பள்ளிக்கூடம் நடத்துறியா? இப்பிடிக் குடுத்தா என் கடையாண்ட வந்து சங்க சும்மா கேப்பாங்க.”

“அர்த்தம் சொன்னாங்கள்ல? அதுக்கு டிஸ்கவுண்டு.”

கடைத்தெருவுக்கே தெரிந்த கதைதான். போன ஆடியில் அவர் மனைவி காசியம்மாளுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். கையும் காலும் ஒருவழியாகத் திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு எழுத்து. பசித்தாலும் ‘மை’, கோபம் வந்தாலும் ‘மை’.

“பேச்சு மெதுவா வரும். நீங்க அவங்ககிட்ட நிறைய பேசிக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர்.

அங்கேதான் சிக்கல். கடையில் ஆறு பாஷையில் பேரம் பேசும் ராஜேந்திரனுக்கு வீட்டில் பேசிப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ‘சோறு’, ‘தண்ணி’, ‘லைட்ட நிறுத்து’ என்ற மூன்றைத் தாண்டி நாலாவது சரக்கை அவர் இறக்கியதே இல்லை. மீதிப் பேச்சு முழுவதும் அவளுடையது.

முதலில் கண்மை டப்பா வாங்கிக்கொண்டு போனார். காசியம்மாள் அதைச் சுவரில் அடித்தாள். மறுநாள் பேனா மை. அதுவும் சுவருக்கே போனது. அப்புறம்தான் கடைக்கு வந்த ஓர் இத்தாலிக்காரன், தன் ஊரில் ‘மை’ என்ற சொல்லுக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று அர்த்தம் சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் ராஜேந்திரன் அவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏ காசி, என்னக் கட்டிக்கினதுக்கு என்னிக்காச்சும் வருத்தப்பட்டிருக்கியா?”

“மை.”

அவருக்குப் புல்லரித்தது. அதே வேகத்தில், “அடுத்த ஜென்மத்துலயும் என்னையே கட்டிக்குவியா?” என்றார்.

“மை.”

இத்தாலி சரிப்படாது என்று மறுநாளே ஒரு ஜெர்மன்காரரைப் பிடித்தார். அங்கே அது மே மாதம். ருமேனியாவில் ‘இன்னும்’. ஜப்பானில் நடனம். அர்த்தத்தை மட்டும் எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது? சொன்னவர் என்ன தொப்பி போட்டிருந்தார், எதில் கை வைத்தார், எவ்வளவுக்குப் படிந்தார் என்று வாலும் காலும் சேர்ந்துகொண்டன. காசியம்மாள் வைத்த கண் வாங்காமல் கேட்டாள். அவள் தன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை ‘யோவ்’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும், கடையிலிருக்கும் அத்தனை யானையையும் அசலுக்கே கொடுத்துவிடுவார் ராஜேந்திரன்.

ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கினார்.

“ஜனம் வர்றதே இப்பதான், நீ கெளம்பிட்டியா?” என்றான் பெஞ்சமின்.

“வியட்நாம் ஆறிடும்பா.”

வீட்டில் அதே நாற்காலி. வியட்நாம்காரி உதட்டைப் பிதுக்கி விலை கேட்டதை அவர் அப்படியே நடித்துக் காட்ட, காசியம்மாள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அவங்க ஊர்ல மைன்னா நாளைக்காம். அப்ப, நாளைக்காச்சும் என்னாண்ட பேசுவியா காசி?”

அவள் அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது.

“மை.”

குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்கு நடந்தார். பின்னாலேயே ஓடி வந்தாள் ஹெலன். பெஞ்சமினின் மனைவி, அடுத்த வீடு. பகலெல்லாம் காசியம்மாளுக்குத் துணை அவள்தான்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். சர்ச்சுல முட்டி போட்டா இதுதான் நெஞ்சுல குத்துது. அண்ணி பேசுது. தை மாசத்துலேந்தே நல்லாப் பேசுது.”

ராஜேந்திரன் குடத்தைக் கீழே வைத்தார்.

“உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. ‘நான் வாயத் தொறந்தா அந்தாளு வாய மூடிக்கும். முப்பத்தோரு வருசம் பேசாத மனுசன் இப்பதான் பேசுது, இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கினு இருக்கேன்’னு சொல்லுது.”

“தெரியும்மா.”

“ஐயோ! எப்பிடிண்ணா?”

“மாசில ஒரு நா பெட்ரோல் தீந்து வண்டியத் தள்ளிக்கினு வந்தேன். சத்தமில்லாம வந்தேனா, அவ குரல் காதுல வுழுந்துச்சு. அன்னிலேந்து தெருமுனையிலயே வண்டிய ஆஃப் பண்ணிடறேன். உங்க வூட்டுச் செவுத்துக்கு அந்தாண்ட கால் மணி நேரம் நின்னுட்டு, அப்புறம் போயி ஸ்டார்ட் பண்ணிக்கினு வரேன்.” குரலைத் தாழ்த்தினார். “நீ காட்டிக் குடுத்துடாத, ஹெலன். முந்தின நாள் நான் சொன்ன கதைய அவ உனக்குத் திருப்பிச் சொல்றா பாரு... என்னவிட நல்லா சொல்றா.”