சீல் வைக்க வந்தவர்

வெள்ளிக்கிழமை மதியம் இறைச்சி ஆய்வு அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பேசியவன் அங்கே உதவியாளனாக இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி. நிஜமான ஒன்றுவிட்ட தம்பி.

“அக்கா, நாளைக்குக் காலையில ஆய்வாளர் உங்க இடத்துக்கு வர்றார். சீல் வைக்கப் போறார். எல்லாம் பெட்டியில எடுத்து வெச்சாச்சு.”

யாரோ வருகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

ஆட்டுப்பட்டி அவள் பெயரில் இருந்தது. வளர்ப்பது, அறுப்பது, வெட்டுவது எல்லாம் அவள். யோசனை சொல்வது கணவர்.

சட்டம் எளிமையானது. வீட்டில் அறுத்த ஆட்டை வீட்டாரும் உறவினரும் சாப்பிடலாம். வெளியாளுக்கு விற்றால் குற்றம். விற்க வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற அறுப்புக்கூடத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். அது மூன்று மணி நேரப் பயணம். பதினைந்து ஆடு வைத்திருப்பவளுக்காக எந்த வண்டியும் அவ்வளவு தூரம் போகாது. அவள் கொட்டகையிலேயே அறுத்து அக்கம்பக்கத்தில் விற்றாள். போன மாதம், அதே காரியத்துக்காக, வாத்து வளர்த்தவரின் கொட்டகையைப் பூட்டிப் பூட்டின்மேல் அரக்கு வைத்துவிட்டார்கள். அவர் இப்போது மருமகன் வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

“கொட்டகை போனா பட்டியும் போச்சு,” என்றாள் அவள். “அப்புறம் நான் என்ன செய்யறது? நாள் பூரா உங்க யோசனையைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா?”

அதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. வெளியாளுக்குத்தானே விற்கக் கூடாது. நாளைக்கு வெளியாளே இல்லாமல் செய்துவிட்டால்?

மாலையே வாடிக்கையாளர்களைக் கொட்டகைக்கு அழைத்து ஆளுக்கொரு உறவைப் பிரித்துக் கொடுத்தார். தையல்காரருக்குச் சித்தப்பா. சலூன்காரருக்குப் பங்காளி. மருந்துக்கடைக்காரர் சம்பந்தி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் மரியாதை அதிகமாம். டீச்சர் நாத்தனாராக இருக்க மறுத்தார். வீட்டில் இருக்கிற நாத்தனாரே போதும் என்றார். பேசிப் பேசி ஓரகத்தியாக இறங்கி வந்தார். பஸ் டிரைவருக்கு டியூட்டி. ஒத்திகைக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். கையில் தகரப் பெட்டி. கறி வெட்டும் கட்டையை முகர்ந்து பார்த்தார். ஃப்ரீசருக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். தரையில் விரலால் தேய்த்து விரலையும் பார்த்தார்.

“ரெண்டே கேள்விதாம்மா. கேட்டுட்டு சீல் வெச்சிட்டுக் கிளம்பிடுவேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

பையோடு நின்ற பதினோரு பேரையும் ஆய்வாளர் பார்த்தார். இதில் கறி வாங்க வந்த வெளியாள் யார் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டார். உறவு, பெயர், கையெழுத்து. சித்தப்பா என்றார் தையல்காரர். அவளைவிடப் பத்து வயது சிறியவர். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கணவர் வாயசைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது, பஸ் டிரைவர் வரும்வரை.

“நான் இவங்க மூத்த மாப்பிள்ளை சார்.”

“ஓ. இவங்களுக்கு எத்தனை பொண்ணுங்க?”

டிரைவர் டிரம் பக்கம் பார்த்தார். போதும், நிறுத்து என்று கணவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“அஞ்சு,” என்றார் டிரைவர்.

அவளுக்குப் பிள்ளைகளே கிடையாது. ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். எழுத எழுத அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தர்கூடவா வெளியாள் இல்ல? பயப்படாம சொல்லலாம்.”

இந்தப் பேச்சுக்கெல்லாம் மயங்குகிற குடும்பமா அது? மருந்துக்கடைக்காரர், சம்பந்தியைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று வருத்தப்பட்டார். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பூட்டு இல்லை. அரக்கு இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மைப் பெட்டியும் ஒரு தாளும் இருந்தன.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. விதியைத் தளர்த்திட்டாங்க. சின்னப் பட்டிக்காரங்க சொந்த இடத்துல அறுத்து உள்ளூர்ல விக்கலாம். உங்களுக்கு அனுமதிச் சீட்டுல சீல் வைக்கத்தான் வந்தேன். சொந்தக்காரங்களா இல்லாத வாடிக்கையாளர் ஒருத்தர், இடம் சுத்தம்னு கையெழுத்துப் போடணும். ஒரே ஒருத்தர்.”

“சார், நான் யோசிச்சுப் பார்த்தா...” என்று தையல்காரர் கையைத் தூக்கினார்.

“கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்திச் சொன்னா பொய் வாக்குமூலம். அதுக்கு வேற படிவம் இருக்கு.”

தையல்காரர் கையை இறக்கி மறுபடியும் சித்தப்பா ஆனார்.

ஆய்வாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தண்ணீர் டிரம்மைப் பார்த்தார்.

“அவர் யாரும்மா? அவர் பேர் இதுல இல்லையே,” என்று பேனா மூடியைக் கழற்றினார்.

இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை அவள் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

“யாருன்னே தெரியாது சார். கறி வாங்க வந்தவர் போல.”